பரணில் கிடக்கும் 8 எம்எம் ரீல்கள்: ப்ரொஜெக்டரைத் தேடும் முன்

சேலத்தில் பழைய வீட்டை இடிக்கும்போதோ, ஏற்காட்டில் காபித் தோட்டத்து பங்களா கைமாறும்போதோ, உள்ளங்கை அகலத்தில் ஃபிலிம் சுருள்கள் கிடைத்தால் தயவுசெய்து உடனே ப்ரொஜெக்டரைத் தேடி அலையாதீர்கள். சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எடுத்த சினிமா என்றால் நெகட்டிவிலிருந்து பிரதி பிரதியாகப் போட்டு ஊர் ஊராக அனுப்பினார்கள். வீட்டு ரீல் பெரும்பாலும் அப்படி இல்லை. கேமராவில் ஓடிய அதே ஃபிலிமைத்தான் கழுவி, நேரடியாகத் திரையில் காட்டினார்கள், நெகட்டிவ் என்று தனியாக ஒன்று கிடையாது. காய்ந்து சுருங்கிய ஃபிலிமை மெஷினில் மாட்டினால் பல்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும், கிழிந்தது கிழிந்ததுதான்.

சரி, முதலில் எந்த வகை என்று பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஓரத்தை மட்டும் பிடித்து, ஒரு சாண் நீளம் பிரித்தால் போதும். கோடாக் 1932-ல் கொண்டுவந்த ரெகுலர் 8-ல் துளை பெரிதாக, இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கும் கோட்டுக்கு நேராக இருக்கும். 1965-ல் வந்த சூப்பர் 8-ல் துளை சின்னது, படத்தின் நடுவுக்கு நேராக இருக்கும். இரண்டுக்கும் அகலம் ஒன்றுதான் என்பதால் பலர் குழம்பிப் போகிறார்கள். தீப்பிடிக்குமோ என்ற பயம் வேண்டாம், பழைய 35 எம்எம் நைட்ரேட் ஃபிலிம் மாதிரி இல்லை இது, எளிதில் தீப்பற்றாத அசிடேட் என்ற பிளாஸ்டிக்.

அசிடேட்டுக்கு வேறு வியாதி உண்டு. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து வெளிவரும் அமிலமே மேலும் அழுகலைத் தூண்டும், பக்கத்து ரீலையும் கெடுக்கும். வாடை அடிப்பவற்றை உடனே தனியாக எடுத்து, காற்றுப் போகிற மாதிரி அட்டைப் பெட்டியில் வையுங்கள். கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றும் ஸ்கேனுக்கு முதலில் போக வேண்டியவையும் அவைதான்.

எங்கே வைப்பது என்பதில்தான் நம் ஊரில் நிறைய தப்பு நடக்கிறது. சேலத்து வீட்டில் பரண் என்றால் கான்கிரீட் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்கும். 'அப்படியானால் மலைக்குக் கொண்டுபோகலாம், அங்கேதான் குளிராச்சே' என்பார்கள். ஏற்காடு 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர் உண்டுதான், ஆனால் மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், செருப்பு பூக்கிற இடத்தில் ஃபிலிமும் பூக்கும். ஃபிலிமுக்குக் குளிர்ச்சியும் வேண்டும், வறட்சியும் வேண்டும், ஈரப்பதம் 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. சேலத்தில் தரைத்தளத்து உள்ளறை அலமாரியில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தாலே பாதி வேலை முடிந்தது. வாடை இல்லாத நல்ல ரீல்களை இரட்டை ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடி ஃப்ரிட்ஜிலும் வைக்கலாம். வெளியே எடுத்தால் ஒரு நாள் முழுக்க கவரைப் பிரிக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் ஃபிலிம் மேல் வியர்த்துவிடும். பூச்சி வருமே என்று பாச்சை உருண்டை போடாதீர்கள்.

வெள்ளையாக நூலாம்படை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தால் தண்ணீர் மட்டும் படவே கூடாது. படம் பதிந்திருப்பது ஜெலட்டின் படலத்தில், பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படம் அப்படியே வழிந்து போய்விடும். மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட்டிலும் சானிடைசரிலும் தண்ணீர் கலந்திருக்கும், அதனால் அவையும் ஆகாது. 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வாங்கி, நூல் உதிராத மெல்லிய துணியில் கொஞ்சமாக நனைத்து, ஃபிலிமை அதன் நடுவே மெதுவாக இழுத்துக்கொண்டே வந்து, காய்ந்த பிறகு சுற்றுங்கள். முதலில் வெற்று வால் பகுதியில் சோதித்துப் பாருங்கள். காற்றோட்டம் இருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது.

அப்புறம் ஸ்கேன். சுவரில் ஓட்டி செல்போனில் எடுப்பது வேண்டாம், வெளிச்சம் துடிக்கும், ஓரம் வெட்டுப்படும். ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்கிறார்களா, பல்சக்கரம் இல்லாமல் உருளையில் ஓடும் மெஷினா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ரெகுலர் 8 நொடிக்கு 16 படம், சூப்பர் 8 பெரும்பாலும் 18. அந்த வேகத்தில் ஃபைல் தரவில்லை என்றால் கல்யாண ஊர்வலம் ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். வேலை முடிந்ததும் ரீலைத் திருப்பி வாங்கி பத்திரமாக வையுங்கள். ஹார்டு டிஸ்க் போனால் மறுபடி ஸ்கேன் செய்ய அதுதான் இருக்கிறது.

இந்த ரீல்களில் பெரும்பாலும் ஒலி கிடையாது. ஆகவே வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து, படம் ஓடும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். ஏரிக்கரையில் நிற்பது எந்த அத்தை, கோட்டை மாரியம்மன் பண்டிகையில் தோளில் ஏறியிருக்கிற குழந்தை யார் என்பதெல்லாம் ஃபிலிமில் எழுதியிருக்காது. வருடம் தெரியவில்லை என்றால் கோடாக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் மாதிரி குறிகள் இருக்கும், அவை தயாரித்த ஆண்டைச் சொல்லும். 20 வருடத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும் என்பதால், புடவையையும் காரையும் வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்துகொள்ளலாம். தெரிந்ததைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி ரீல் டப்பாவோடு வையுங்கள், ஃபைலுக்கும் அதே பெயரைக் கொடுங்கள்.