டோட்டல் கமாண்டரில் பிடிஎஃப் பிளகின்: போடுவது எப்படி, படம் வராவிட்டால் என்ன பார்ப்பது

டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தால் நாற்பது பிடிஎஃப் கிடக்கும், பாதிக்குப் பெயரே வெறும் எண்தான். கரன்ட் பில் எது, ரயில் டிக்கெட் எது என்று தெரிய ஒவ்வொன்றையும் இரட்டை கிளிக் செய்து, ரீடர் திறக்கும்வரை காத்திருந்து, இது இல்லை என்று மூடிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். டோட்டல் கமாண்டர் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தப் பாடு தேவையில்லை. ஒரு சின்ன பிளகின் (மென்பொருளோடு ஒட்டி வேலை செய்யும் துணை நிரல்) போட்டுவிட்டால் அம்புக்குறியைத் தட்டத் தட்ட பக்கத்து பேனலிலேயே முதல் பக்கம் தெரிந்துகொண்டே போகும்.

டோட்டல் கமாண்டர் தெரியாதவர்களுக்கு: சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் எழுதிய இரண்டு பேனல் ஃபைல் மேனேஜர் அது, 1993இல் விண்டோஸ் கமாண்டர் என்ற பெயரில் வந்தது. காசு கட்டாத பதிப்பில் திறக்கும்போதெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்றில் ஒரு எண்ணை அழுத்தச் சொல்லும், பழகிவிடும். அதற்குள் லிஸ்டர் என்று ஒரு வியூவர் இருக்கிறது. ஃபைல் மேல் நின்று எஃப்3 அழுத்தினால் தனி விண்டோவில் காட்டும், கண்ட்ரோலும் கியூவும் அழுத்தினால் எதிர் பேனலில் காட்டும்.

பிளகின் போடுவதற்கு முன்பு ஒரு பிடிஎஃப் மேல் எஃப்3 அழுத்திப் பாருங்கள். முதல் வரியில் ஒரு சதவீதக் குறி, பிடிஎஃப், ஒரு பதிப்பு எண், அதற்குக் கீழே கிறுக்கல் கிறுக்கலாக எழுத்துகள் வரும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, லிஸ்டர் அதை வெறும் டெக்ஸ்டாகத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கிறுக்கலை நினைவில் வையுங்கள், பின்னால் பிரச்சினை வந்தால் இதை வைத்துத்தான் கண்டுபிடிக்கப் போகிறோம்.

சரி, வேலைக்கு வருவோம். ஹெல்ப் மெனுவில் அபௌட் திறந்து உங்களுடையது 32-பிட்டா 64-பிட்டா என்று பாருங்கள், பிளகினும் அதே வகையாக இருந்தால்தான் வேலை செய்யும். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போய் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை வீணடித்தேன்.

அடுத்தது பிளகின். டோட்டல் கமாண்டருக்கு நாலு வகை பிளகின் உண்டு, நமக்கு வேண்டியது டபிள்யூஎல்எக்ஸ், அதாவது லிஸ்டர் வகை. தேடும்போது டபிள்யூடிஎக்ஸ் வகையும் கண்ணில் படும். பிடிஎஃப்புக்குள் இருக்கும் வார்த்தையைத் தேட அது உதவும், பக்கத்தைக் காட்டாது. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது எஸ்லிஸ்டர். சுமத்ரா என்ற பிடிஎஃப் ரீடரின் அடித்தளத்தில் எழுதியது, தனியாக வேறு பிடிஎஃப் ரீடர் இருக்க வேண்டிய அவசியமில்லை, டிஜேவியூ என்ற ஃபைல் வடிவில் இருக்கும் ஸ்கேன் புத்தகங்களையும் திறக்கும்.

பிளகினின் ஜிப் ஃபைலை இறக்கியதும் அதை வெளியே பிரிக்காதீர்கள். டோட்டல் கமாண்டருக்குள்ளேயே அதன் மேல் நின்று என்டர் தட்டுங்கள். உள்ளே பிளகின் இருக்கிறது, நிறுவவா என்று அதுவே கேட்கும், ஆமாம் சொல்லி, காட்டும் ஃபோல்டரை மாற்றாமல் விட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு பிடிஎஃப் மேல் போய் கண்ட்ரோல் கியூ. பக்கம் தெரிந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

தெரியவில்லையா? என்ன தெரிகிறது என்று பாருங்கள். பழைய கிறுக்கல் அப்படியே இருக்கிறதென்றால் பிளகினை யாரும் கூப்பிடவே இல்லை என்று அர்த்தம். வெற்றுப் பக்கமோ பிழைச் செய்தியோ வந்தால் பிளகின் வந்துவிட்டது, அந்த ஃபைலைத் திறக்க முடியாமல் நிற்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

கிறுக்கலுக்கு முதல் காரணம் பிட் கணக்கு. 32-பிட் பிளகின் ஃபைலின் பெயர் டபிள்யூஎல்எக்ஸ் என்று முடியும், 64-பிட் என்றால் கடைசியில் 64 என்ற எண்ணும் ஒட்டியிருக்கும். பிளகின் போய் உட்கார்ந்த ஃபோல்டரில் உங்கள் பதிப்புக்கு ஏற்றது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேறு வழியே இல்லை, அதைத் தேடித்தான் இறக்க வேண்டும். இருந்தும் கிறுக்கல் என்றால் கான்ஃபிகரேஷன் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் பிளகின்ஸ், அதில் லிஸ்டர் பிளகின்களின் பட்டியலைத் திறங்கள். அங்கே உங்கள் பிளகின் இல்லாவிட்டால் ஆட் பட்டனை அழுத்தி நீங்களே சேர்க்கலாம். இருந்தால் வரிசையைக் கவனியுங்கள். மேலே இருப்பதைத்தான் முதலில் கேட்கும், எல்லாவற்றையும் நானே திறப்பேன் என்று ஒரு பழைய பிளகின் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தால் உங்களுடையதுக்கு முறையே வராது. அதைக் கீழே தள்ளுங்கள்.

எஃப்3 அழுத்தினால் லிஸ்டருக்குப் பதில் வேறு ஏதோ புரோகிராம் திறக்கிறது என்றால், எடிட்/வியூ அமைப்பில் வெளி வியூவர் ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆல்ட் எஃப்3 அழுத்தினால் லிஸ்டர் வரும்.

வெற்றுப் பக்கம் வரும் வகையில் நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது ஃபைல் பெயரில். யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) தெரியாத பழைய பிளகின்களுக்கு தமிழில் பெயர் வைத்த ஃபைல் என்றால் தடுமாற்றம்தான். அதே ஃபைலை ஒரு நகல் எடுத்து ஒன்று என்று எண்ணில் மட்டும் பெயர் வைத்துத் திறந்து பாருங்கள், திறந்தால் குற்றவாளி பிளகின், புதிய பதிப்பு தேடுங்கள். பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் என்றால் (வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் அப்படித்தான் வரும்) சில பிளகின் பாஸ்வேர்டு கேட்காமலேயே கைவிரித்துவிடும். அதை வழக்கமான ரீடரில் திறந்துகொள்வதே நல்லது, இதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு வரும் தொல்லை ஒன்று உண்டு: கண்ட்ரோல் கியூவில் ஒரு பிடிஎஃப்பைப் பார்த்துக்கொண்டே பெயர் மாற்றப் போனால், ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கும். பிளகின்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு முறை கண்ட்ரோல் கியூ அழுத்தி பிரிவ்யூவை மூடிவிட்டுப் பெயரை மாற்றுங்கள்.