மத்தியானத்தை வீணாக்காதீர்கள்: மான் படம் எடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து கமராவைத் தூக்கிக்கொண்டு வில்பத்துத் தேசியப் பூங்காவுக்குப் போகிற தம்பிமார் இப்போது நிறையப் பேர். நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் எல்லாம் கடந்து, காலை ஆறு மணிக்கு ஹுனுவிலகம வாசல் திறக்கும்போது வரிசையில் நிற்கிறார்கள். முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் நன்றாகத்தான் போகிறது. வெளிச்சம் சரிந்து விழுகிறது, மான்கள் வெளியில் மேய்கின்றன, படமும் கிடைக்கிறது. பத்து மணிக்கு மேல்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. வெயில் ஏறுகிறது, மானைக் காணவில்லை, பொறுமையும் போய்விடுகிறது. மாலை ஆறு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பதால், காட்டுக்குள் இருக்கிற நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி இந்த வெயில் நேரம்தான். அதை எப்படிக் கழிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எங்கள் வயதுக்காரர் ஆரம்பத்தில் செய்த அதே பிழைகளை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை.

தொப்பி, தண்ணீர், மேலதிக பற்றரி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மான் எங்கேயோ போய்விட்டது என்று நினைப்பது

போகவில்லை. படுத்திருக்கிறது.

மான் அசைபோடும் மிருகம். மாட்டைப் போல அதற்கும் நான்கு அறை கொண்ட இரைப்பை. விடியலில் அவசர அவசரமாக மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறியதும் நிழலில் படுத்து, தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். அதற்கு அமைதியும் நிழலும் வேண்டும். ஆகவே காலையில் கூட்டத்தைப் பார்த்த வெளியிலிருந்து கிட்டத்தட்ட நூறு மீற்றருக்குள், பாலை மரத்தடியிலோ வீரை மரத்தடியிலோ தேடுங்கள். முழு மானைத் தேடினால் அகப்படாது. அசையும் காது ஒன்று, ஈயை விரட்டும் வால் நுனி ஒன்று, கிடையாக நிற்கும் முதுகுக் கோடு ஒன்று, இவற்றைத் தேடுங்கள். காட்டில் எல்லாம் செங்குத்தாக நிற்கும்போது கிடையாக ஒரு கோடு தெரிந்தால் அங்கே நிறுத்திப் பார்ப்பது நல்லது.

மந்திக் கூட்டம் இருக்கிற மரத்தையும் தவற விடாதீர்கள். அவை கடித்துக் கீழே போடுகிற தழைக்கும் பழத்துக்கும் புள்ளிமான் வரும். மேலே இருக்கிற மந்திக்குத் தூரத்தில் வரும் சிறுத்தை தெரியும், கீழே நிற்கிற மானுக்கு மணம் பிடிபடும். இரண்டும் ஒன்றின் சத்தத்தை மற்றது கேட்டுத் தப்பித்துக்கொள்கின்றன.

தண்ணீர் ஓரத்திலிருந்து வண்டியைக் கிளப்புவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிற பிழை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வில்பத்துவின் சிறப்பே அதன் வில்லுகள். சுற்றிவர மணல் கரை, நடுவில் மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கையான பள்ளம், அதற்கப்பால் காடு. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை சோளகக் காற்று உலர்ந்து வீசும் மாதங்களில் சின்னச் சின்ன நீர்நிலைகள் வற்றிவிடும். எஞ்சியிருக்கிற தண்ணீருக்குத்தான் எல்லா மிருகமும் வர வேண்டும். புள்ளிமான் நாளுக்கு ஒரு தடவையாவது தண்ணீர் குடிக்கிற மிருகம், கோடையில் அதற்கு மேலும் குடிக்கும். பலமுறை அது வருகிற நேரம், நம்முடைய ஆட்கள் சலித்துப்போய் எழும்புகிற அதே நேரம். காலை பத்தரை தாண்டி மத்தியானம் வரை.

போன வரட்சியில் ஒரு வில்லுக் கரையில் எங்கள் ஜீப்புக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு ஜீப் நின்றது. பெரிய லென்ஸோடு ஒரு தம்பி, கூட அவருடைய நண்பர்கள். எதிர்க் காட்டு ஓரத்தில் ஒரு பெண் மான் தலையை நீட்டியது. வெளியே இரண்டடி வைத்தது, நின்றது. முன்னங்கால் ஒன்றை மெல்லத் தூக்கி நிலத்தில் ஒரு தட்டு. காது இரண்டும் முன்னுக்கு. பிறகு திரும்பி நிழலுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது, இந்த முறை பின்னால் இன்னும் நாலைந்து தலைகள். மறுபடி ஒரு தட்டு, மறுபடி பின்வாங்கல். பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். உண்மையில் அந்தக் கூட்டம் முழுவதும் தாகத்தோடு நின்று, இந்த வெட்ட வெளியைக் கடந்தால் உயிரோடு திரும்பலாமா என்று கணக்குப் பார்க்கிறது.

அந்தத் தம்பிக்குப் போன் வந்தது. வேறொரு பக்கம் சிறுத்தை தெரிகிறதாம். எங்கள் பக்கம் திரும்பி, "அண்ணா, இது வராது போல. நீங்களும் வாறீங்களா?" என்று கேட்டார். கையால் 'பொறுங்கள்' என்று காட்டினேன். அதற்குள் சாரதி சாவியைத் திருப்பிவிட்டார். டீசல் எஞ்சின் உறுமிய அந்த நொடி, வால்கள் எல்லாம் மேலே எழும்பி, வெள்ளை தெரிந்து, கூட்டம் காட்டுக்குள் மறைந்தது. நாங்கள் அங்கேயே இருந்தோம். வெகு நேரம் அவை திரும்பவில்லை. பின்னேரம் அவர்களை வேறோர் இடத்தில் கண்டபோது சிறுத்தையும் கிடைக்கவில்லை என்றார்கள். அங்கே போய்ச் சேரும்போது நிறைய ஜீப் நின்றிருக்கிறது, சிறுத்தை எப்போதோ உள்ளே போய்விட்டது.

படம் போனது அவர்களுடைய நட்டம், அதை விடுங்கள். அந்தக் கூட்டத்தில் குட்டிகளும் நின்றன. வரட்சியில், அத்தனை பயத்தைத் தாண்டி கரை வரைக்கும் வந்த மிருகத்தைக் குடிக்க விடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அது மறுபடி முதலிலிருந்து அதே ஆபத்தை எடுக்க வேண்டும். தண்ணீரைச் சுற்றியுள்ள நிழலில்தான் சிறுத்தையும் படுத்திருக்கும். ஒரு நாள் டிக்கெட் எடுத்துவிட்டு உள்ளே வந்த நமக்கு அந்த உரிமை யார் தந்தது?

சரி, என்ன செய்ய வேண்டும்? ஒன்பதரைக்குள் ஒரு வில்லைத் தெரிவுசெய்யுங்கள். மணலில் புதிய குளம்புத் தடம் எந்தக் கரையில் அதிகமோ அதற்கு எதிர்க் கரையில், பாதையை விட்டு இறங்காமல், நிழலில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். லென்ஸைப் பீன்பாக் (லென்ஸைத் தாங்கும் சிறு பை) மேல் வைத்துவிடுங்கள், மான் வந்த பிறகு தூக்கினால் அந்த அசைவே போதும் அது ஓடுவதற்கு. அப்புறம் பேச்சைக் குறைத்து உட்காருங்கள். முதல் மான் தலை காட்டிய பின் அரை மணித்தியாலம் கூடப் போகலாம். ஒன்று துணிந்து தண்ணீரில் வாய் வைத்தால் மற்றவை ஓடி வந்து வரிசையாக நிற்கும். குடிப்பது சில நிமிடம்தான். தலைகள் எல்லாம் ஒன்றாகக் குனிந்து, ஒன்று மட்டும் நிமிர்ந்து காவல் நிற்கிற படம் அப்போதுதான் கிடைக்கும். அவை குடித்து முடித்து, தாங்களாகக் காட்டுக்குள் போன பிறகு மட்டும் சாவியைத் தொடலாம்.

அந்தக் காலத்து வேட்டைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். யாலவும் வில்பத்துவும் 1938இல் தேசியப் பூங்காக்களாவதற்கு முன், யாலவுக்கு அருகில் வேட்டைக்காரருக்கென்றே ஒதுக்கிய நிலம் இருந்தது. வரட்சியில் தண்ணீரண்டை பதுங்கி அசையாமல் இருப்பதுதான் அவர்களுடைய முதல் பாடம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பூங்காவுக்குள் துப்பாக்கிக்கு இடமில்லாமல் போனது, மிக நல்லது. அந்தப் பொறுமையும் சேர்ந்து போயிருக்கத் தேவையில்லை.

லென்ஸில் பழி போடுவது

"காலையில் கூர்மையாக வருகிறது, மத்தியானம் எல்லாப் படமும் கலங்கல். லென்ஸைத் திருத்தக் கொடுக்க வேண்டுமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். லென்ஸில் ஒரு குறையும் இல்லை. வெயிலில் மணல் கொதிக்கிறது. அதற்கு மேலுள்ள காற்று சூடேறி எழும்ப, குளிர்ந்த காற்று கீழே இறங்க, இரண்டும் கலந்து வெளிச்சத்தை வளைக்கிறது. 500, 600 மில்லிமீற்றர் லென்ஸ் அந்த நடுக்கத்தையும் சேர்த்தே பெருப்பித்துக் காட்டும். எதிர்க் கரையில் நிற்கும் ஆண் மானின் கொம்பை கமராத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கொம்பின் விளிம்பு தண்ணீருக்கடியில் கிடப்பது போல நெளியும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் தீராது, முக்காலி வைத்தாலும் தீராது.

தீருவது தூரத்தைக் குறைத்தால்தான். மத்தியானத்தில் முப்பது நாற்பது மீற்றருக்கு அப்பால் உள்ளதை நெருக்கப் படமாக எடுக்க ஆசைப்படாதீர்கள். தூரத்தில் நிற்கிறதா, வில்லும் வானமும் சேர்ந்த அகலப் படமாக எடுங்கள். வெறும் மணலுக்கு மேலாகக் குறிபார்ப்பதைவிடப் புல்லுக்கும் நிழலுக்கும் மேலாகப் பார்ப்பது நல்லது. ஜீப் பொனட்டுக்கு மேலாக எடுக்கவே வேண்டாம், எஞ்சினை அணைத்த பிறகும் அது வெகு நேரம் சூட்டைக் கக்கும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு மத்தியானம் காலிமுகத்திடலுக்குப் போய், துறைமுகத்துக்குக் காத்து நிற்கிற கப்பல்களை அதே லென்ஸால் எடுத்துப் பாருங்கள். பெற்றோல் செலவு மிச்சம்.

உச்சி வெயிலில் முகத்தை எடுப்பது

நம் நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். ஏப்ரல் முதல் பாதியிலும், ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரையும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் உயரத்தில்தான் நிற்கும். புருவ எலும்பின் நிழல் விழுந்து மானின் கண் இருண்ட குழியாகிவிடும், முதுகிலுள்ள வெள்ளைப் புள்ளிகள் வெளுத்துத் தெறிக்கும். கண்ணில் ஒளியில்லாத மான் படத்தைக் கணினியில் எவ்வளவு இழுத்தாலும் உயிர் வராது.

நிழலுக்குள் படுத்திருக்கிற மானை எடுங்கள். இலை இடுக்கால் வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிற இடத்தைத் தவிர்த்து, முழு நிழல் உள்ள மரத்தைத் தேடுங்கள். எதிரேயுள்ள வெண்மணல் வெளிச்சத்தை நிழலுக்குள் திருப்பி அடிக்கும், அது மானின் முகத்தில் கீழிருந்து மென்மையாகப் படும். காலையில்கூடக் கிடைக்காத வெளிச்சம் அது. பின்னணியில் வானமோ வெயில் பட்ட மணலோ படச்சட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மரையைத் தேடி அலைவது

மத்தியானத்தில் வேண்டாம். மரை என்கிற அந்தப் பெரிய மான் அடர்காட்டுக்குள் இருக்கும். மாலை ஐந்தை நெருங்கும்போது சேற்று ஓரங்களைப் பாருங்கள்.

கமராத் திரையைப் பார்த்துப் படங்களை அழிப்பது

வெயிலில் அந்தத் திரை பொய் சொல்லும். வீட்டுக்கு வந்து அழியுங்கள்.

மானுக்குச் சோறு போடுவது

இறங்க அனுமதித்த இடத்தில் பார்சலைப் பிரித்ததும் பக்கத்தில் வந்து நிற்கிற மானைப் பார்த்து இரக்கப்படாதீர்கள். திருகோணமலைக் கோட்டைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே ஊருக்குள் திரியும் புள்ளிமான்கள் குப்பையைக் கிளறி, சாப்பாட்டு மணம் ஒட்டிய பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. அசைபோடும் வயிற்றுக்குள் போன பொலித்தீன் வெளியே வராது. அங்கேயே சுருண்டு கிடந்து, வயிறு நிறைந்திருக்கிறது என்ற உணர்வைக் கொடுத்து மிருகத்தைப் பட்டினி போட்டுக் கொல்லும். சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு போங்கள், இலையையும் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

சாரதியைத் தூங்க விடாதது

ஜீப் சாரதி நமக்கு முன்னரே எழும்பியவர். உங்களைக் கொழும்பிலிருந்து வான் வண்டியில் கொண்டுவந்தவரோ இரவு கண்ணே மூடாதவர். எஞ்சின் அணைந்து நிற்கிற அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஜீப் சாரதி கண்ணயர்ந்தால் எழுப்பாதீர்கள். வான் சாரதியை வாசலுக்கு வெளியே நிழலான இடத்தில் படுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள், சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள். பின்னேரம் இருள்கிற நேரத்தில் புத்தளத்திலிருந்து சிலாபம் வரையான வீதியில் எதிர் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு ஓட வேண்டியவர் அவர். நீங்களும் பின்சீற்றில் தூங்கிப்போவீர்கள். ஒருவராவது முன்சீற்றில் விழித்திருந்து அவரோடு பேசிக்கொண்டு வாருங்கள்.