ஆன்லைனில் சோசியாலஜி 101: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

கணக்கு கிடையாது, லேப் கிடையாது, காலேஜ் வரை கார் ஓட்டவும் வேண்டாம். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் அறிமுக சமூகவியலை ஆன்லைனில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த நினைப்போடுதான் வருகிறார்கள். பொதுக்கல்விப் பாடமாகச் சேரும் 3 யூனிட் (கிரெடிட் என்பதும் இதுதான்). கலிஃபோர்னியாவில் குடியிருப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர் என்பதால் பாடக் கட்டணம் 138 டாலர்தான். பிள்ளை டாக்டராக வேண்டும் என்று நினைக்கும் வீடுகளில் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு: மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 2015-இல் சேர்ந்த உளவியல், சமூகவியல் பகுதியில் ஏறக்குறைய 30 சதவீதக் கேள்விகள் சமூகவியலிலிருந்து வருகின்றன. எடுப்பதற்கான காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ‘சும்மா படித்தாலே போதும்’ என்பதுதான் இடறும் இடம்.

முதலில் நேரம். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணி நேர வேலை, ஏறக்குறைய 15 வாரம் என்பது அமெரிக்கக் கல்லூரிகளின் அடிப்படைக் கணக்கு. 3 கிரெடிட் என்றால் வாரம் 9 மணி நேரம், மொத்தம் 135. அதே பாடத்தை 8 வாரத்தில் முடித்தால் வாரம் 17 மணி நேரம் ஆகும். 6 வாரக் கோடை வகுப்பில் 22-ஐத் தாண்டும். ‘லீவில் ஒன்றை முடித்துவிடலாம்’ என்று எடுத்துவிட்டு, நடுவில் இரண்டு வாரம் சென்னைக்கு டிக்கெட் போடுபவர்கள் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொலைக்கிறார்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். ஆன்லைன் வகுப்பு நடக்கும் தளமான கேன்வாஸில் கெடு பெரும்பாலும் இரவு 11:59 என்றிருக்கும். அது கல்லூரியின் நேரம். கலிஃபோர்னியக் கல்லூரியின் ஞாயிறு இரவு 11:59 என்பது கோடையில் இந்தியாவில் திங்கள் பகல் 12:29, குளிர்காலத்தில் 1:29. கேன்வாஸ் செட்டிங்ஸில் உங்கள் டைம் சோன் எது என்று பார்த்துவிடுங்கள். திரையில் தெரியும் நேரம் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

குவிஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 60 நிமிடக் குவிஸை இரவு 11:30-க்குத் தொடங்கினால் 60 நிமிடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ‘அவைலபிள் அன்டில்’ நேரம் 11:59 என்றிருந்தால் 29-ஆவது நிமிடத்தில் குவிஸ் தானாகச் சமர்ப்பிக்கப்பட்டுவிடும். நடுவில் பிரவுசரை மூடினாலும் கடிகாரம் நிற்காது.

முதல் வாரத்தைச் சும்மா விடுவதும் ஆபத்து. நேரடி வகுப்பில் முகத்தைக் காட்டினால் வருகை. ஆன்லைனில் லாகின் செய்வது மட்டும் வருகை ஆகாது, ஏதாவது ஒரு வேலையைச் செய்திருக்க வேண்டும். அதனால்தான் ‘உங்களை அறிமுகப்படுத்துங்கள்’ என்ற டிஸ்கஷனும் சிலபஸ் குவிஸும் முதல் சில நாட்களிலேயே வருகின்றன. மதிப்பெண் அற்பம்தானே என்று விட்டவர்களை ஆசிரியர் பட்டியலிலிருந்து நீக்குவது பல கல்லூரிகளில் நடைமுறை. காத்திருப்போர் வரிசை நீளமாக இருந்தால் உங்கள் இடம் அன்றைக்கே வேறொருவருக்குப் போகும்.

இவையெல்லாம் கவனக்குறைவு; ஒருமுறை பட்டால் திருந்திவிடும். மதிப்பெண்ணை உண்மையில் தின்பது வேறொன்று. சமூகத்தில்தானே வாழ்கிறோம், சமூகவியல் நமக்குத் தெரியாதா என்ற நினைப்பு. டிஸ்கஷன் கேள்வி உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்பதுபோல் தோன்றும். கேட்பது அதுவல்ல. அந்த வார அத்தியாயத்தின் கருத்துக் கருவி ஒன்றைக் கையில் எடுத்து, ஒரு நிலைமையின் மேல் வைத்துக் காட்டச் சொல்கிறது.

‘கல்வியை மூன்று கோட்பாட்டுப் பார்வைகளில் விளக்குக’ என்பது வழக்கமான கேள்வி. வழக்கமான பதில் இது: ‘கல்வி மிக முக்கியம். கல்வி இல்லாமல் முன்னேற முடியாது. எல்லாருக்கும் சமமான கல்வி கிடைக்க வேண்டும்.’ இதில் தவறு எதுவும் இல்லை. சமூகவியலும் எதுவும் இல்லை. பத்துக்கு நான்கு கிடைத்தாலே ஆசிரியர் தாராளமானவர்.

அதையே இப்படிப் பாருங்கள். செயற்பாட்டியம்: பள்ளியின் வெளிப்படைச் செயல்பாடு பாடம் கற்பித்தல், சமூகவியலாளர் மெர்ட்டனின் சொல்லில் மறைநிலைச் செயல்பாடு (யாரும் திட்டமிடாத பயன்), பெற்றோர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. 2020-இல் பள்ளிகள் மூடியபோதுதான் அது எல்லார் கண்ணிலும் பட்டது. முரண்பாட்டுக் கோட்பாடு: அமெரிக்கப் பொதுப்பள்ளி நிதியில் ஒரு பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால், வீட்டு விலை ஏறிய ஊரின் பள்ளிக்கு வசதி கூடுதல். (நம்மவர்கள் வீடு வாங்கும்போது சமையலறைக்கு முன்பே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ரேட்டிங்கைப் பார்ப்பது இந்தக் கோட்பாட்டைப் படித்துவிட்டு அல்ல, ஆனால் அதே விஷயம்தான்.) குறியீட்டு ஊடாட்டவியல்: ‘கிஃப்டட்’ என்ற முத்திரை விழுந்த பிள்ளையிடம் ஆசிரியர் பேசும் விதம் மாறுகிறது, பிள்ளையும் தன்னை அப்படியே பார்க்கத் தொடங்குகிறது. மூன்று பார்வை, மூன்று சான்று, ஒவ்வொன்றிலும் பாடநூலின் ஒரு சொல். எழுத இருபது நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பிறருக்கு எழுதும் பதிலிலும் இதே அளவுகோல்தான். ‘அருமையான பதிவு, ஒத்துக்கொள்கிறேன்’ என்பதற்கு மதிப்பெண் இல்லை. முதல் பதிவுக்கு வார நடுவில் ஒரு கெடுவும், பதில்களுக்கு ஞாயிறன்று இன்னொரு கெடுவும் இருக்கும். இரண்டையும் ஞாயிறு இரவே செய்பவர் முதல் கெடுவை ஒவ்வொரு வாரமும் தவறவிடுகிறார். பல வகுப்புகளில் முதலில் நீங்கள் எழுதினால்தான் மற்றவர்களின் பதிவே கண்ணுக்குத் தெரியும். பார்த்து எழுதலாம் என்ற திட்டம் அங்கே பலிக்காது.

சமூக அடுக்கமைவு அத்தியாயம் வரும்போது இந்திய மாணவர்களுக்கு என்று தனியாக ஒரு சறுக்கல் உண்டு. மூடிய அமைப்புக்கு, அதாவது பிறந்த நிலையிலிருந்து மாற வழியில்லாத அமைப்புக்கு, எடுத்துக்காட்டாக அறிமுக நூல்கள் சாதியைக் காட்டுவது வழக்கம். உடனே சிலர் ‘எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை’ என்று வக்காலத்து வாங்குவார்கள். சிலர் குடும்பக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். ஒரு வீட்டு அனுபவம் ஒரு அமைப்பைப் பற்றிய சான்று ஆகாது என்பதுதான் பாடத்தின் முதல் அத்தியாயமே. அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் கொடுத்த கணக்கை நினைவில் வையுங்கள்: ஒரு லட்சம் பேர் உள்ள நகரில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அது அவருடைய தனிச் சிக்கல், ஐந்து கோடித் தொழிலாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் அது பொதுப் பிரச்சினை. அகமணம் (தன் குழுவுக்குள்ளேயே மணம் செய்வது), பிறப்பால் வரும் தகுதிநிலை ஆகிய சொற்களைக் கொண்டு எழுதினால் உங்கள் அனுபவமும் அங்கே பயன்படும்.

சொற்களைக் குழப்புவது தேர்வில் நேரடியாக அடிக்கும். ஒரு நர்ஸுக்கு இரவு ஷிஃப்டும் மகளின் பள்ளிக் கூட்டமும் ஒரே நேரத்தில் வந்தால் அது பாத்திர முரண், அதாவது இரண்டு பாத்திரங்களுக்கிடையே. குழுவோடு நட்பாகவும் இருந்து அவர்களுக்கே மதிப்பீடும் போட வேண்டிய மேனேஜருக்கு வருவது பாத்திர அழுத்தம், ஒரே பாத்திரத்துக்குள்ளே. பிரெஞ்சுச் சமூகவியலாளர் டர்க்கைமின் 1897 தற்கொலை ஆய்வில் தவறும் இடம் வேறு. அவர் பேசியது குழுக்களின் விகிதங்களை. அதை வைத்து ஒரு தனி மனிதரைப் பற்றி முடிவு கட்டினால் வாதம் அங்கேயே உடைந்துவிடும்.

மேற்கோள் முறையிலும் கவனம் வேண்டும். உளவியல் வகுப்பில் பழகிய ஏபிஏவை (அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை) அப்படியே இங்கே கொண்டுவருவார்கள். ஆசிரியர் கேட்டிருப்பது ஏஎஸ்ஏ, அதாவது அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் முறை. வரிக்குள் மில்ஸ், 1959, ப. 8 என்று எழுதுவது ஏபிஏ. (மில்ஸ் 1959:8) என்பது ஏஎஸ்ஏ. நூற்பட்டியலில் ஏபிஏ முதற்பெயரைத் தலைப்பெழுத்தாக்கும், ஏஎஸ்ஏ முழுதாக எழுதும். எது வேண்டும் என்பது சிலபஸில் இருக்கும். ஏஐ கருவிக்கு அனுமதி உண்டா இல்லையா என்பதும் அதே சிலபஸில்தான். வரைவின் பழைய வடிவங்களை அழிக்காமல் வைத்திருப்பது, கேள்வி வந்தால் கைகொடுக்கும்.

பாடநூலுக்குக் காசு கொடுக்கும் முன் எது கட்டாயம் என்று கேளுங்கள். ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிடும் அறிமுக சமூகவியல் நூல் இணையத்தில் இலவசம். பல வகுப்புகள் அதையே வைத்திருக்கின்றன.

கேன்வாஸ் காட்டும் மொத்த மதிப்பெண்ணை நம்பி உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. மதிப்பிடப்பட்ட வேலைகளை மட்டும் வைத்தே அது கணக்குப் போடும். மூன்று அசைன்மென்ட் விடுபட்டிருந்தாலும், ஆசிரியர் பூஜ்யம் போடும் வரை 94 சதவீதம் என்று சிரித்துக்கொண்டே நிற்கும். மதிப்பெண் பக்கத்தில் ‘மதிப்பிடப்பட்டவை மட்டும்’ என்ற டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள், உண்மை முகம் தெரியும்.

முடியவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முறைப்படி விலகினால் பதிவில் டபிள்யூ (விலகல்), விலகாமல் விட்டால் எஃப் (தோல்வி). தொடக்க வாரங்களிலேயே விலகினால் டபிள்யூகூடப் பதிவாகாது; அந்தத் தேதி கல்லூரி நாட்காட்டியில் இருக்கும். டெக்சாஸ் பொதுக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு முழுவதற்கும் ஆறு விலகல்தான் என்ற வரம்பும் உண்டு. ஹைஸ்கூல் பிள்ளைகள் பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட்டில் எடுத்தாலும் அந்த கிரேடு நிரந்தரக் கல்லூரிப் பதிவில் ஏறும். பிறகு எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாலும் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.

எஃப்-1 மாணவர் விசாக்காரர்கள் பதிவு செய்வதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரு ஆன்லைன் வகுப்பு, அல்லது 3 கிரெடிட் மட்டுமே சேரும். இரண்டாவது ஆன்லைன் வகுப்பை முழுநேரத்துக்கு வேண்டிய 12 கிரெடிட்டில் சேர்த்து எண்ணினால் விசா நிலையே சிக்கலாகும்.

டிரான்ஸ்ஃபர் செய்பவர்கள் பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். கலிஃபோர்னியாவில் எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்று அசிஸ்ட் தளத்தில் இரு கல்லூரிகளையும் தேர்ந்து பார்க்கலாம். டெக்சாஸில் இந்தப் பாடத்தின் பொது எண் 1301, ஃபுளோரிடாவில் எஸ்ஒய்ஜி 2000. வேறு மாநிலத்துக்குப் போகிறீர்கள் என்றால், சேரப்போகும் கல்லூரி பழைய சிலபஸைக் கேட்கக்கூடும். பருவம் முடிந்த பிறகு கேன்வாஸில் அந்த வகுப்பு மூடப்பட்டுவிடலாம் என்பதால், சிலபஸின் பிடிஎஃபை முதல் வாரத்திலேயே இறக்கி, பாட எண்ணும் ஆண்டும் தெரிகிற பெயரில் சேமித்துவையுங்கள்.