இருதுறை ஆய்வுக்கு முனைவர் பட்டப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இயந்திரப் பொறியியல் படித்த எனக்குக் குருத்தெலும்புத் தேய்மானத்தை ஆராய வேண்டும் என்று ஆசை. எங்கே விண்ணப்பிப்பது என்று கண்டுபிடிக்கவே ஓராண்டு ஓடிவிட்டது. உங்களுக்கு ஒரு மாதம் போதும்.

படி 1: துறையின் பெயரை எழுதாதீர்கள், கேள்வியை எழுதுங்கள். "நடக்கும்போது விழும் அழுத்தத்தைக் குருத்தெலும்புச் செல்கள் எப்படி உணர்கின்றன?" இதற்குச் செல் வளர்ப்புக் கூடமும் வேண்டும், அழுத்தச் சோதனைக் கருவியும் வேண்டும். இரண்டும் உள்ள இடங்களே உங்கள் பட்டியல்.

படி 2: தரவரிசைகளை நான் பார்ப்பதே இல்லை. ஆய்வேடுகளின் நன்றியுரையைத்தான் படிப்பேன். பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குத் தனிக் களஞ்சியம் உண்டு. இரண்டாம் நெறியாளருக்கு ஒற்றை வரி நன்றிதான் என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

படி 3: நான் இடறியது இங்கேதான். நெறியாளர்கள் இருவர் என்றதும் மகிழ்ந்து சேர்ந்துவிட்டேன். பதிவு எந்தத் துறையில் என்று கேட்கவில்லை. சேர்ந்த பிறகு எழுத வேண்டிய தகுதித் தேர்வைப் பொறியியல் துறைதான் நடத்தியது. இரண்டு பருவம் உழைத்துப் படித்த உயிரியல் பாடங்கள் கணக்கில் வரவே இல்லை. தேர்வுக்காக மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். ஆகவே சேருமுன் இவற்றைக் கேளுங்கள்: தகுதித் தேர்வுக் குழுவில் இரு துறையினரும் இருப்பார்களா? எந்தப் பாடங்களுக்கு மதிப்பெண் உண்டு? ஒரு நெறியாளர் விலகினால் உதவித்தொகை தொடருமா? பட்டச் சான்றிதழில் எந்தத் துறையின் பெயர் வரும்? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி துறைத்தலைவர் மாறும்வரைதான் செல்லும்.

படி 4: முதுநிலை, முனைவர் பட்டச் சேர்க்கைக்குப் பயன்படும் தேசியத் தேர்வான கேட்டின் (GATE) மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். 2020 முதல் உயிரிமருத்துவப் பொறியியலுக்கும் தாள் இருக்கிறது. இரண்டு தாள்கள்வரை எழுதலாம். எந்தத் தாளோடு எந்தத் தாளைச் சேர்த்து எழுதலாம் என்பதை முதலில் பாருங்கள்.

பின்சேர்க்கை: முதுகலை முடிக்காமல் நேரடியாக முனைவர் பட்டம் படிக்கலாமா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். ஆய்வுக்கு அது தடையில்லை. ஆனால் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) 2019 விதிகள் இளநிலையோடு, தொடர்புடைய பிரிவில் முதுநிலைப் பட்டமும் கேட்கின்றன. கற்பித்தலே உங்கள் கனவு என்றால் எம்.டெக்.கை முதலில் முடித்துவிடுங்கள். உங்கள் படிப்பு தொடர்புடைய பிரிவுதான் என்று காட்ட, படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.