பச்சை ஜாக்கிலிருந்து பின்னோக்கி: சவுண்ட் கார்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி

சவுண்ட் கார்டைக் கையில் எடுக்கும் எவருக்கும் கண் முதலில் போவது நடுவில் இருக்கும் பெரிய சதுர ஐசியின் மேல்தான். நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்: பச்சை ஜாக்கில் தொடங்கி, ஒலி வந்த வழியே பின்னோக்கிப் போங்கள். பழுது பெரும்பாலும் ஜாக் பக்கத்தில்தான் இருக்கும்.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்துக் கார்டைக் கழற்றுங்கள். அதற்கு முன் கேபினட்டின் வெறும் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிடுங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். நல்ல வெளிச்சம், ஒரு லென்ஸ், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

பச்சை ஜாக் ஒலி வெளியே போக, நீலம் வெளிக்கருவியின் ஒலி உள்ளே வர, இளஞ்சிவப்பு மைக்குக்கு. பிளக்கை அசைத்தால் ஒரு பக்கம் வந்து வந்து போகிறதா? கார்டைத் திருப்பி, ஜாக்கின் கால்களைச் சுற்றியுள்ள ஈயத்தை லென்ஸில் பாருங்கள். மெல்லிய வளையமாக விரிசல் தெரிந்தால், புது ஈயம் வைத்துச் சூடாக்கினாலே சரியாகிவிடும்.

ஜாக்கை அடுத்து நிற்பவை சிறு உருளைகளான எலக்ட்ரோலிடிக் கபாசிட்டர்கள். இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். 5 வோல்ட் மட்டும் கொண்டு ஓடும் ஆப்-ஆம்பின் (ஒலி அலையைப் பெருக்கும் சிறு ஐசி) வெளியீடு சுமார் 2.5 வோல்ட்டில் நின்றபடிதான் ஆடும். அந்த நேர்மின்னழுத்தம் ஹெட்போனுக்குப் போகக் கூடாது. கபாசிட்டர் அதைத் தடுத்து, ஒலியை மட்டும் விடுகிறது. ஆனால் அதன் மதிப்பு சிறியதாக இருந்தால் தாழ்ந்த ஒலிகளும் அதிலேயே தங்கிவிடும். 32 ஓம் ஹெட்போனோடு 220 மைக்ரோஃபாரட் இருந்தால் சுமார் 23 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். வெறும் 10 மைக்ரோஃபாரட் என்றால் 500 ஹெர்ட்ஸ் அருகிலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். அதே 10 மைக்ரோஃபாரட், 10,000 ஓம் உள்ளீடுள்ள ஆம்ப்ளிஃபையருக்குத் தாராளம். ஆகவே ஆம்ப்ளிஃபையரில் நன்றாகக் கேட்டு, ஹெட்போனில் மட்டும் பேஸ் இல்லை என்றால், சந்தேகம் முதலில் இந்தக் கபாசிட்டர்கள் மேல்தான் விழ வேண்டும்: ஒன்று சிறியதாகப் போட்டிருப்பார்கள், அல்லது உள்ளே காய்ந்திருக்கும்.

மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் போடுங்கள். துருவத்தில் கவனம்: அலுமினிய உருளையில் பட்டை இருக்கும் பக்கம் நெகட்டிவ், சப்பையான டேன்டலத்தில் பட்டை இருக்கும் பக்கம் பாசிட்டிவ். இதைத் தெரிந்துகொள்ளாமல் டேன்டலத்தைத் தொடவே தொடாதீர்கள். தலைகீழாகப் போட்டால் அது தீப்பிடிக்கவும் கூடும்.

அடுத்தது எட்டுக்கால் ஆப்-ஆம்ப். 4558, 5532 போன்ற எண்கள் மேலே தெரியும். கார்டைப் பொருத்தி, கணினியை ஓடவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து 1, 7 ஆகிய கால்களை அளக்கவும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்: ஒற்றை சப்ளையில் பாதி மின்னழுத்தம், பாசிட்டிவ்-நெகட்டிவ் இரண்டும் உள்ள கார்டில் பூஜ்யத்தை ஒட்டி. ஒன்று மட்டும் எகிறி நின்றால் அந்தச் சேனலில்தான் கோளாறு. முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலி மேம்படும் என்று நம்பி ஆப்-ஆம்பை மட்டும் மாற்றுகிறவர்கள் பலர். வேகமான ஐசியைப் பொருந்தாத சர்க்யூட்டில் போட்டால் அது ஒலி எதுவும் தராமலே தானாக அலைவுகளை உண்டாக்கத் தொடங்கும். முதலில் கபாசிட்டர்களைச் சரிபாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் கீச்சென்ற சத்தம் வருகிறதா? கணினியின் டிஜிட்டல் இரைச்சல் அனலாக் பகுதியின் சப்ளையில் கலந்திருக்கலாம். அதைத் தடுக்கத்தான் மூன்று கால் ரெகுலேட்டர், 12 வோல்ட்டிலிருந்து சுத்தமான 5 வோல்ட்டைத் தனியாக எடுத்துக் கொடுக்கிறது. அதன் வெளியீட்டையும் பக்கத்திலுள்ள கபாசிட்டரையும் பாருங்கள். மாற்ற நேர்ந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: சிறிய 78எல்05-இன் கால் வரிசை, பெரிய 7805-க்கு நேர் எதிர்.

வெள்ளி நிறக் கூடு கிரிஸ்டல், கார்டின் கடிகாரம். ஒலியை நொடிக்கு எத்தனை முறை எண்ணாக அளப்பது என்பது இதன் துடிப்பிலிருந்தே வரும்: 24.576 மெகாஹெர்ட்ஸ் என்பது 48,000-இன் 512 மடங்கு, 22.5792 என்பது சிடியின் 44,100-இன் 512 மடங்கு. கார்டு கணினிக்குத் தெரிகிறது, ஆனால் பாட்டு நகராமல் நிற்கிறது என்றால் கிரிஸ்டலையும் அதன் ஈயத்தையும் சந்தேகிக்கலாம்.

அதையொட்டி இருப்பது கோடெக். எண்ணை ஒலி அலையாகவும் அலையை எண்ணாகவும் மாற்றும் இரு வேலையும் இதற்குள். மைக் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கோடெக்கைக் குறை சொல்லுமுன், இளஞ்சிவப்பு ஜாக்கில் மைக்குக்கான சில வோல்ட் வருகிறதா என்று அளந்துவிடுங்கள்.

இனி, கணினியோடு பேசும் அந்தப் பெரிய ஐசி. கார்டையே கணினி காணவில்லை என்றால், தங்கநிற விளிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் ஐசியை மாற்ற மெனக்கெட வேண்டாம். ஜாக், கிரிஸ்டல், ஆப்-ஆம்ப் ஆகியவற்றைக் கழற்றி எடுத்துவைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மட்டும் விலக்கு: 1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 போன்ற, யமஹாவின் ஓபிஎல்3 இசை ஐசி உள்ள, ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் பொருந்தும் கார்டுகள். அவற்றைப் பிரிக்காதீர்கள், ஈரம் படாமல் முழுசாக எடுத்துவைத்து, பழைய கணினிகளைப் பேணும் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள்.