நியூ ஜெர்சி டவுன்ஷிப்பில் ஒரு ஆர்டினன்ஸ் வரும்போது நாம் செய்யும் தவறுகள்

நம்மூரில் ஆர்டினன்ஸ் என்றால் அவசரச் சட்டம். சட்டமன்றம் கூடாத நாட்களில் ஆளுநர் பிறப்பிப்பது. அந்த நினைப்போடு நியூ ஜெர்சிக்கு வந்தவர்கள் பலர், டவுன்ஷிப் இணையதளத்தில் 'ஆர்டினன்ஸ்' என்று பார்த்ததும் ஏதோ தற்காலிக உத்தரவு என்று கடந்துவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். இங்கே அது உள்ளூர் மன்றம் முறைப்படி நிறைவேற்றும் நிரந்தரச் சட்டம். வேலி எத்தனை அடி இருக்கலாம், இரவில் தெருவில் காரை விடலாமா, கொல்லையில் நிற்கும் மரத்தை வெட்ட பெர்மிட் வேண்டுமா என்பதெல்லாம் இதில்தான் முடிவாகிறது. மீறினால் 2,000 டாலர் வரை அபராதமும் 90 நாள் வரை சிறையும் விதிக்க மாநிலச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

டவுன்ஷிப் என்ற சொல்லும் நெய்வேலியை நினைவுபடுத்தும். இங்கே அது மாநிலத்தின் 564 உள்ளாட்சிகளில் ஒரு வகை. எடிசன், பிஸ்கட்டவே, பிளெய்ன்ஸ்பரோ எல்லாம் டவுன்ஷிப்புகள்தான்.

தவறான இரவில் போய் நிற்பது

ஒரு ஆர்டினன்ஸ் இரண்டு வாசிப்புகளைக் கடக்க வேண்டும். முதல் வாசிப்பு என்பது அறிமுகம். கிளார்க் (டவுன்ஷிப்பின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி) எண்ணையும் தலைப்பையும் மட்டும் வாசிப்பார். சட்டம் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அரங்கில் இருப்பவர்களுக்கே என்ன நடந்தது என்று தெரியாமல் போகும். வீட்டிலிருந்து பார்த்தவர், "நிறைவேத்திட்டாங்க, இனி என்ன பண்றது" என்று விட்டுவிடுவார். உண்மையில் அப்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

முதல் வாசிப்புக்கும் இறுதி வாக்கெடுப்புக்கும் இடையில் குறைந்தது 10 நாள் இருக்க வேண்டும். கருத்துக்கேட்பின் நாள், நேரம், இடம் சொல்லும் அறிவிப்பு அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வெளிவந்திருக்க வேண்டும். மன்றம் மாதம் இருமுறை கூடுகிறது என்றால், 10ஆம் தேதி அறிமுகமானது அடுத்த கூட்டத்திலேயே, 24ஆம் தேதி வாக்கில், சட்டமாகிவிடலாம். நமக்குக் கிடைப்பது அந்த இரண்டு வாரம்தான். இரண்டாம் வாசிப்பு இரவில் தலைவர் அந்த ஆர்டினன்ஸுக்கென்றே கருத்துக்கேட்பைத் திறப்பார். அதை மூடியதும் வாக்கெடுப்பு. கூட்டத்தின் கடைசியில் வரும் பொது நேரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள், எல்லாம் முடிந்த பிறகு எழுந்து நிற்கிறார்கள்.

தீர்மானம் (ரெசல்யூஷன்) வேறு. அது ஒரே கூட்டத்தில் வாக்கெடுத்து முடிந்துவிடும், இரண்டாம் வாசிப்பு கிடையாது. நிகழ்ச்சி நிரலில் ஒரு விஷயம் தீர்மானமாக வருகிறதா, ஆர்டினன்ஸாக வருகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அறிவிப்பைப் பழைய இடத்தில் தேடுவது

நெடுங்காலம் இந்த அறிவிப்புகள் நாளிதழில் வந்தன. ஸ்டார் லெட்ஜர் 2025 பிப்ரவரியில் அச்சை நிறுத்தியதும் பிரச்சினை முற்றி, சட்டம் மாறியது. 2026 மார்ச் 1 முதல் உள்ளாட்சிகள் சட்ட அறிவிப்புகளைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். 'லீகல் நோட்டீஸ்' பக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பல டவுன்ஷிப்புகள் நிகழ்ச்சி நிரலை மின்னஞ்சலில் அனுப்பும் வசதியும் வைத்திருக்கின்றன.

முழு வாசகம் வேண்டுமென்றால் ஓப்ரா (பொது ஆவணச் சட்டம்) மனு போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். பொது ஆவணச் சட்டப்படி பதில் தர 7 வேலை நாள் அவகாசம் உண்டு. இரண்டு வாரத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். நிலுவையில் உள்ள ஆர்டினன்ஸின் பிரதியைக் கேட்கும் ஊர்மக்களுக்குத் தர வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. கிளார்க் அலுவலகத்துக்கு எண்ணைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் போதும்.

தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பேசுவது

தலைப்பு பெரும்பாலும் "இத்தனையாவது அத்தியாயத்தைத் திருத்துவது" என்பதோடு நின்றுவிடும். உள்ளே புதிதாகச் சேர்ப்பதைக் கீழ்க்கோடிட்டும், நீக்குவதை அடித்தோ அடைப்புக்குறிக்குள்ளோ காட்டியிருப்பார்கள். அந்த மாற்றங்களைவிட முதலில் பார்க்க வேண்டியது சொற்பொருள் பகுதி. 'வணிக வாகனம்' என்பதன் விளக்கத்தில் எடை வரம்பு என்ன என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் பிக்அப் லாரி வீட்டு வாசலில் நிற்கலாமா கூடாதா என்பது இருக்கிறது. அடுத்து அபராதம், பிறகு அமலுக்கு வரும் நாள், ஏற்கெனவே இருப்பவற்றுக்கு விலக்கு உண்டா என்பது. ஏற்கெனவே வேலி போட்டவர்களுக்கு இந்தக் கடைசி வரிதான் உயிர்.

பேசும்போதும் அப்படியே. மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோதான் தருவார்கள். "இது நியாயமில்லை" என்று சொல்வதைவிட, "இந்த எண் பிரிவில் 10 நாள் என்பதை 30 நாள் ஆக்குங்கள், காரணம் இது" என்று சொன்னால் டவுன்ஷிப் வக்கீல் குறிப்பெடுப்பார்.

இதில் நேரக்கணக்கு ஒன்று இருக்கிறது. கருத்துக்கேட்பு இரவில் உள்ளடக்கத்தை மாற்றும் திருத்தம் ஏதும் ஏற்கப்பட்டால், அன்றே நிறைவேற்ற முடியாது. குறைந்தது ஒரு வாரம் தள்ளிப்போட்டு, மறுபடி அறிவிப்பும் கொடுக்க வேண்டும். அதனால் அந்த இரவில் உறுப்பினர்கள் எழுத்துப்பிழைக்கு மேல் எதையும் தொட யோசிப்பார்கள். திருத்தம் வேண்டுமென்றால் அறிமுகத்துக்கு முன்பே சொல்வதுதான் பலன் தரும். தவறினால் அறிமுகமான அந்த வாரத்திலேயே எழுதுங்கள். கிளார்க் வழியாக எல்லா உறுப்பினர்களுக்கும் போகட்டும்.

உறுப்பினரிடம் நேரில் பேசலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. ஆர்டினன்ஸ் விஷயத்தில் தாராளமாகப் பேசலாம். அவர் சட்டம் இயற்றுபவர். நிலப் பயன்பாட்டு விண்ணப்பங்களை முடிவு செய்யும் பிளானிங் போர்டிலோ ஜோனிங் போர்டிலோ ஒரு குறிப்பிட்ட மனை மீதான விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது மட்டும் போர்டு உறுப்பினரைத் தனியே அணுகக் கூடாது. அங்கே அவர் நீதிபதி போல உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் குழப்பிக்கொண்டு பேச வேண்டிய இடத்தில் வாய் மூடியிருப்பது நமக்குத்தான் நட்டம்.

குடியுரிமை இல்லை என்று ஒதுங்குவது

எச்1பி-யிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் தங்களுக்கு இதில் இடமில்லை என்று நினைக்கிறார்கள். அக்கறையுள்ள எல்லோருக்கும் வாய்ப்பளிக்க வேண்டும் என்பதுதான் சட்டம்; வாக்காளர் அட்டை கேட்கவில்லை. வாடகைக்கு இருப்பவரும் பேசலாம். கிராம சபை போலக் கை தூக்கி முடிவெடுக்கும் உரிமைதான் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களுக்குக் கிடையாது. வாக்கு மன்ற உறுப்பினர்களுக்கு மட்டும்.

வாக்குக் கணக்கைத் தவறாகப் போடுவது

எடிசன் போன்ற மேயர்-கவுன்சில் ஊரில் 7 உறுப்பினர்கள். ஆர்டினன்ஸ் நிறைவேற, அன்று வந்திருக்கும் உறுப்பினர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதாவது 4 வாக்கு வேண்டும். நான்கு பேர் மட்டும் வந்த இரவில் 3-1 என்றால் அது தோற்றது. கடன் வாங்கி ரோடு போடும் பாண்ட் ஆர்டினன்ஸ் என்றால் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு: ஏழில் 5, ஐந்தில் 4.

மேயரிடம் ஓடுவதற்கு முன் உங்கள் ஊர் எந்த முறை என்று பாருங்கள். ஊர்கள் தங்கள் ஆட்சி முறையைத் தேர்ந்தெடுக்க வழி செய்த 1950-ஆம் ஆண்டின் ஃபாக்னர் சட்டப்படி அமைந்த மேயர்-கவுன்சில் முறையில் மேயர் 10 நாளுக்குள் மறுக்கலாம். மன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அதை முறியடிக்கலாம். பழைய டவுன்ஷிப் கமிட்டி முறையில் மேயர் என்பவர் கமிட்டியே தன் உறுப்பினர்களிலிருந்து ஓராண்டுக்குத் தேர்ந்தெடுப்பவர். அவருக்கும் ஒரே வாக்குதான், மறுக்கும் அதிகாரம் இல்லை.

ஜோனிங்கில் தலை எண்ணுவது

ஜோனிங் மாற்றம் (எந்த மண்டலத்தில் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற விதியை மாற்றுவது) என்றால் நடுவில் ஒரு படி கூடுதல். பிளானிங் போர்டுக்கு அனுப்ப வேண்டும். ஊரின் வளர்ச்சித் திட்டமான மாஸ்டர் பிளானுடன் ஒத்துப்போகிறதா என்று 35 நாளுக்குள் அது அறிக்கை தரும். அந்தக் கூட்டத்தையும் தவறவிடக் கூடாது. மண்டலத்தின் வகையோ எல்லையோ மாறினால், பொதுவாக 200 அடிக்குள் உள்ள மனை உரிமையாளர்களுக்குக் கருத்துக்கேட்புக்கு 10 நாள் முன்னதாக அறிவிப்பு வரும். வாடகைக்காரருக்கு வராது, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு வையுங்கள்.

எதிர்ப்பு மனு என்று 500 கையெழுத்து வாங்கி வருவார்கள். அதற்கு அரசியல் மதிப்பு இருக்கலாம். சட்ட மதிப்பு உள்ளது வேறு: மாற்றத்துக்குள் வரும் நிலப்பரப்பில், அல்லது அதைச் சுற்றி 200 அடிக்குள் உள்ள நிலப்பரப்பில், 20 சதவீதத்துக்கு உரியவர்கள் கையெழுத்திட்டுக் கிளார்க்கிடம் கொடுத்தால், நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்படும். அளப்பது பரப்பை. இரண்டு ஏக்கர்காரர் ஒருவரின் கையெழுத்து கால் ஏக்கர்காரர் எட்டுப் பேருக்குச் சமம். பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவரும் போட்டுவிடுவது பாதுகாப்பு.

நிறைவேறிய பிறகு நாட்களை விடுவது

ஃபாக்னர் ஊர்களில் ஆர்டினன்ஸ் பொதுவாக 20 நாளுக்குப் பிறகே அமலுக்கு வரும். அந்த 20 நாளுக்குள் போதுமான கையெழுத்துடன் மனு கொடுத்தால் அமல் நிற்கும். மன்றம் திரும்பப் பெறாவிட்டால் ஊர் வாக்களிக்கும். தேவையான எண்ணிக்கை, கடைசியாக நடந்த மாநில அசெம்பிளி தேர்தலில் உங்கள் ஊரில் பதிவான வாக்குகளில் 15 சதவீதம். 20,000 வாக்கு பதிவாகியிருந்தால் 3,000 கையெழுத்து. இதில் பதிவு செய்த வாக்காளர் மட்டுமே கையெழுத்திடலாம். ஒவ்வொரு தாளிலும் மனுக்குழுவின் ஐந்து பேர் பெயரும், கையெழுத்து வாங்கியவரின் சத்தியவாக்குமூலமும் இருக்க வேண்டும்; அது இல்லாத தாள்கள் கழிந்துவிடும். ஜோனிங் ஆர்டினன்ஸை இந்த வழியில் தொடவே முடியாது. கமிட்டி முறை ஊர்களில் இந்தப் பொது உரிமையும் இல்லை.

நடைமுறைக் குறை இருந்தால் உயர் விசாரணை நீதிமன்றம்தான். பொதுவாக 45 நாள் கெடு, பாண்ட் ஆர்டினன்ஸ் என்றால் வெளியீட்டிலிருந்து 20 நாள். வக்கீலிடம் போகும்போது முதல் வாசிப்பு நாள், அறிவிப்பு வெளிவந்த நாள், கருத்துக்கேட்பு நாள் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, அறிவிப்பின் படத்தோடு கொண்டுபோங்கள்.

வேலி போடும் முன் இணையத்தில் சட்டத் தொகுப்பைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: போன மாதம் நிறைவேறியது அந்த அத்தியாயத்துக்குள் இன்னும் ஏறியிருக்காது. பல ஊர்களின் சட்டத் தொகுப்பு இருக்கும் இகோட்360 தளத்தில் 'நியூ லாஸ்' என்று தனிப் பகுதி இருக்கும். அதையும் திறந்து பார்த்துவிட்டுக் கம்பம் நடுங்கள்.