ஆப்பிரிக்கா ஸ்கூல்ல கோச்சிங் குடுக்க போறீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடுன்னு நம்ம வடசென்னை பக்கம் பந்து ஆடி வளர்ந்த காலேஜ் பசங்க பொண்ணுங்களுக்கு கென்யா, உகாண்டா, தான்சானியா போய் ஸ்கூல் புள்ளைங்களுக்கு வாலன்டியரா கோச்சிங் குடுக்கணும்னு ஆசை இருந்தா அது ரொம்ப நல்ல ஆசை. ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, அங்க சொல்லித்தர ஆளே இல்ல, நாமதான் போய் எல்லாம் பண்ணப்போறோம்னு நெனச்சு போகாதீங்க. நைரோபில மத்தாரேன்னு ஒரு பெரிய குடிசைப்பகுதி இருக்கு, அங்க 1987லயே பசங்களுக்காக ஒரு ஸ்போர்ட்ஸ் சங்கம் ஆரம்பிச்சு, டீமு ஏரியால குப்பை அள்ளினா லீக்ல பாயின்ட் சேரும்னு ரூல் வச்சாங்க. கொடுங்கையூர் குப்பமேடு பக்கத்துல வாழ்றவங்களுக்கு இது எவ்ளோ பெரிய யோசனைன்னு புரியும். அந்த மாதிரி ஊருக்கு நீங்க போறது அங்க இருக்கிற பிடி சாருக்கும் மிஸ்ஸுக்கும் கூட நின்னு உதவத்தான்.

அதனால மொத வேலை இங்கயே. உங்க ஏரியா கார்ப்பரேஷன் ஸ்கூல்லயோ கிரவுண்ட்லயோ சின்ன பசங்கள வச்சு ஒரு மூணு மாசமாவது தொடர்ந்து சொல்லிக்குடுங்க. நல்லா ஆடுறது வேற, சொல்லிக்குடுக்கிறது வேற. ஃபுட்பால்னா இந்திய ஃபுட்பால் சம்மேளனத்தோட (ஏஐஎஃப்எஃப்) டி லைசென்ஸ்னு ஒரு கோச்சிங் கோர்ஸ் இருக்கு, முடிஞ்சா பண்ணிடுங்க. ஃபர்ஸ்ட் எய்ட் கட்டாயம்.

எப்ப போறதுன்னு பாத்தா, செமஸ்டர் லீவுன்னு டிசம்பர்ல போயிடாதீங்க, கென்யாலயும் சவுத் ஆப்பிரிக்காலயும் கல்வியாண்டு ஜனவரில ஆரம்பிச்சு வருஷக்கடைசில முடியுது, டிசம்பர்ல ஸ்கூல் பூட்டியிருக்கும். மே, ஜூன்தான் நமக்கு சரி, நமக்கு லீவு, கென்யால ரெண்டாவது டேர்ம் நடந்துட்டு இருக்கும்.

ஏஜென்ட் யாராச்சும் டூரிஸ்ட் விசால போய் சொல்லிக்குடுக்கலாம்னு சொன்னா நம்பிடாதீங்க. சம்பளமே வாங்கலன்னாலும் நிறைய நாட்டுல அது வேலைக்கணக்குதான், தனி பெர்மிட் கேப்பாங்க. ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்ட வீடியோ கால்ல நேரா பேசுங்க, லெட்டர் வாங்குங்க, என்ன விசான்னு அந்த நாட்டு எம்பசி சைட்ல பாருங்க. லட்சக்கணக்குல பீஸ் கேக்குற கம்பெனினா அதுல ஸ்கூலுக்கு எவ்ளோ போகுதுன்னு கேளுங்க, பதில் வரலன்னா விட்டுடுங்க. அனாதை இல்லத்துல ரெண்டு வாரம் விளையாடிட்டு வரலாம்னு விளம்பரம் பண்றவங்க பக்கமே போகாதீங்க, வந்து வந்து போற ஆளுங்களால அந்த புள்ளைங்க மனசு படுற பாடு சின்னது இல்ல.

அடுத்து மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யா, உகாண்டா, கானா மாதிரி நாடுங்களுக்கு போயிட்டு வர்றவங்க இந்த சர்டிபிகேட் இல்லாம திரும்பினா நம்ம ஏர்போர்ட்லயே புடிச்சு 6 நாள் வரைக்கும் தனியா வச்சிடுவாங்க. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுதான் சர்டிபிகேட் செல்லும், அதனால கடைசி வாரத்துக்கு தள்ளாதீங்க. ஒருதடவ போட்டா ஆயுசுக்கும் போதும். ராஜாஜி சாலைல போர்ட் ஹெல்த் ஆபீஸ், இல்லன்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், போறதுக்கு முன்னாடி எந்த நாள் போடுறாங்கன்னு கேட்டுக்கோங்க. மலேரியா மாத்திரையும் டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க, ஊருக்கு திரும்பின பிறகும் கொஞ்ச நாள் சாப்பிடணும், நடுவுல நிறுத்தக்கூடாது.

இப்ப முக்கியமான விஷயம், கிளாஸ் எப்படி எடுக்கிறது. ஒரு பீரியடுக்கு 60 புள்ளைங்க, ரெண்டு பந்து, 40 நிமிஷம்னு வச்சுக்கோங்க. வரிசைல நிக்க வச்சு ஒவ்வொருத்தரா உதைன்னு சொன்னீங்கன்னா முக்காவாசி நேரம் எல்லாரும் சும்மா நிப்பாங்க. கிரவுண்ட நாலா பிரிங்க, கட்டத்துக்கு 15 பேர். ரெண்டு கட்டத்துல பந்து, ஒண்ணுல ஓடிப்பிடிச்சு, ஒண்ணுல கபடி, பத்து நிமிஷத்துக்கு ஒரு விசில் அடிச்சு இடம் மாத்துங்க. பந்து கட்டத்துல அஞ்சஞ்சு பேரா மூணு டீம், கோல் வாங்கின டீம் வெளிய, காத்துட்டு இருந்த டீம் உள்ள, ரெண்டு நிமிஷம் கோலே விழலன்னா ரொம்ப நேரமா ஆடுற டீம் வெளிய. நம்ம தெருல ஒத்த பந்த வச்சு ஆடின அதே கணக்குதான், உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. கபடி அங்க செல்லுமான்னு யோசிக்காதீங்க, 2016ல அகமதாபாத்ல நடந்த வேர்ல்ட் கப்புக்கு கென்யா டீம் வந்து ஆடியிருக்கு. பந்தும் வேணாம், ஷூவும் வேணாம்.

பொண்ணுங்களுக்கு நெட்பால் கத்துட்டு போங்க, பாஸ்கெட்பால் மாதிரியே வளையத்துல பந்து போடுற ஆட்டம், கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கா ஸ்கூல்ங்கள்ல அதுக்கு தனி மரியாதை. டீமுக்கு 7 பேர், பந்த தட்டிக்கிட்டு ஓடக்கூடாது, மூணு செகண்டுக்குள்ள பாஸ் குடுக்கணும். பாஸ்கெட்பால் தெரிஞ்சவங்க அதே பழக்கத்துல ஓடிடுவாங்க, ரூல முழுசா படிச்சுக்கோங்க.

எடுத்துட்டு போறதுன்னா பம்பு, ஊசி, கலர் பனியன், கோன் போதும். பந்த காத்து இறக்கி பேக் பண்ணுங்க, பம்பு ஊசிய செக்கின் பைல போடுங்க. நைரோபி கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், கடலோரத்துல இருந்து போற நமக்கு மொத சில நாள் மூச்சு வாங்கும், உடனே புள்ளைங்க கூட போட்டி போட்டு ஓடாதீங்க.

எந்த புள்ளையோடவும் தனியா ரூம்ல இருக்காதீங்க, ஸ்கூல் அனுமதி இல்லாம முகம் தெரியுற போட்டோ போடாதீங்க. ரெண்டாவது வாரத்துல இருந்தே விசில அந்த ஊரு டீச்சர் கைல குடுத்துட்டு நீங்க சைடுல நில்லுங்க, எந்த நாள் என்ன ஆடினோம்னு ஒரு நோட்டுல எழுதி அவங்ககிட்டயே விட்டுடுங்க.

திரும்பி வந்து சில மாசம் கழிச்சு காய்ச்சல் வந்தாலும் சாதா காய்ச்சல்னு பாராசிட்டமால் போட்டுட்டு படுத்துடாதீங்க. நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு போய், ஆப்பிரிக்கா போயிட்டு வந்தேன், மலேரியாக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கன்னு நீங்களே வாய தொறந்து சொல்லுங்க.